கோபத்திற்கு வாய்தா கொடுக்காதீர்கள்!



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று மாணவர் பேரவை நண்பர்கள் கேட்டபோது, கூடவே மூன்று தலைப்புகளையும் கையில் கொடுத்தார்கள். நட்பு, தன்னம்பிக்கை, அன்னை. மூன்றும் நல்ல தலைப்புகள்தான். எழுதுவதற்கு நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் மனதைக் கொஞ்ச நாளாக அரித்துக்கொண்டிருப்பது வேறு விஷயம். அதை எழுதிவிடுகிறேன்.

ஒரு பெரிய தலைவர் மீது ஊழல் வழக்கு என்று செய்தி வருகிறது. விடுதி டிவி அறையில் முதல் நாள் ஒரே கொதிப்பு. "இவங்களையெல்லாம் சும்மா விடக்கூடாதுடா!" என்று மேஜையைத் தட்டுகிறோம். இரண்டாம் நாள் கேலியும் கிண்டலும். மூன்றாம் நாள் இன்டர்னல் டெஸ்ட் வந்துவிடுகிறது. அந்த வழக்கு என்ன ஆனது? சாட்சி வந்தாரா? அடுத்த தேதி எப்போது? யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றுவதில்லை.

தலைவர்கள் சட்டத்திடமிருந்து தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்று நாம் கோபப்படுகிறோமே, அந்தக் கோபத்துக்கு என்ன மதிப்பு? அது எங்கே போகிறது? இதுதான் என் கேள்வி.

மாமாவின் கேள்வி

என் ஊர் ஏற்காட்டை ஒட்டி, சேர்வராயன் மலையில் ஒரு சின்னக் கிராமம். காபியும் மிளகும்தான் எங்கள் பக்கத்துப் பிழைப்பு. என் தாய்மாமா மீது விறகு சம்பந்தமாக ஒரு சின்ன வழக்கு இருந்தது. வாய்தா தேதி வந்தால் காலையில் முதல் பஸ்ஸைப் பிடிப்பார். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கோர்ட் வராந்தாவில் போய் நிற்பார். பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் வாரண்ட் வந்துவிடும் என்ற பயம். சில நாள் கூப்பிடுவார்கள். சில நாள், "இன்னிக்கு எடுக்கலைப்பா, அடுத்த மாசம் வா" என்று தேதி மட்டும் கிடைக்கும். காபிப் பழம் பறிக்கும் சீசனில் ஒரு நாள் போனால் அந்த நாள் கூலி போச்சு. பஸ் சார்ஜ், சாப்பாடு, குமாஸ்தாவுக்கு டீச் செலவு எல்லாம் தனி. ஆனாலும் ஒரு தடவைகூட அவர் தவறியதில்லை.

ஒரு நாள் அவர் என்னிடம் கேட்டார்: "ஏன் மாப்ள, ஒரு கட்டு வெறகுக்கு நான் இத்தன தடவ மலை எறங்கறேன். பெரியவங்களுக்கு மட்டும் கோர்ட்டு அவ்வளவு தூரத்துலயா இருக்குது?"

பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. பதில் தேடிப் பழைய செய்திகளைப் படித்தேன். எங்கெங்கோ போக வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் கதை நம்மைச் சுற்றியே இருந்தது. பர்கூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், ஏற்காடு என்று எல்லாம் நாம் பஸ்ஸில் போய் வருகிற ஊர்கள்!

பர்கூரில் வெடித்த கோபம்

1991 முதல் 1996 வரை தமிழகத்தின் முதலமைச்சராக இருந்தவர் செல்வி ஜெயலலிதா. மாதம் ஒரு ரூபாய்தான் சம்பளம் என்று சொன்னவர். அந்த ஆட்சியின் கடைசிக் கட்டத்தில், 1995 செப்டம்பரில் சென்னையில் நடந்த வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரத்தை நம் அப்பா அம்மாக்கள் இன்றும் பேசுவார்கள். மக்களுக்கு ஆத்திரம் வந்தது. 1996 தேர்தலில் அது வெடித்தது. 234 இடங்களில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது 4. நம் பக்கத்துப் பர்கூர் தொகுதியில் முதலமைச்சரே 8,366 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

அதே ஆண்டு வழக்குகள் தொடங்கின. டிசம்பரில் அவர் கைதானார். 1997 ஜூனில் சொத்துக் குவிப்பு வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. வருமானத்துக்கு மீறி 66 கோடியே 65 லட்சம் ரூபாய் சொத்து என்பது குற்றச்சாட்டு. மக்கள் என்ன நினைத்தார்கள்? "தோற்கடிச்சாச்சு, கேஸும் போட்டாச்சு, இனி கோர்ட்டு பாத்துக்கும்" என்று நினைத்தார்கள். கோபம் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

ஆனால் வழக்கு என்பது ஒரே நாளில் முடிகிற தேர்தல் கிடையாது. அது வருடக் கணக்கில் ஓடும். கோபம் தூங்கிய பிறகுதான் தப்பிக்கும் வேலை தொடங்குகிறது.

64 சாட்சிகள்

2000 அக்டோபரில் டான்சி நில வழக்கில் ஜெயலலிதாவுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதனால் 2001 தேர்தலில் அவர் மனுச் செய்த நான்கு தொகுதிகளிலும் வேட்புமனு தள்ளுபடியானது. அந்த நான்கில் ஒன்று கிருஷ்ணகிரி. ஆனால் கட்சி ஜெயித்தது. சட்டமன்ற உறுப்பினராகவே ஆக முடியாதவர், 2001 மே 14 அன்று முதலமைச்சராகப் பதவியேற்றார்! மக்களே தீர்ப்பளித்துவிட்டார்கள் என்பது அவர் தரப்பின் வாதம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2001 செப்டம்பர் 21 அன்று, தண்டனை நிலுவையில் இருக்கும் ஒருவரை முதலமைச்சராக நியமித்தது செல்லாது என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொல்லிவிட்டது. மக்கள் எவ்வளவு ஓட்டுப் போட்டாலும் அரசியல் சட்டத்துக்கு மேலே யாரும் ஏறி உட்கார முடியாது என்பதுதான் அதன் அர்த்தம்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டான்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2001 டிசம்பரில் அவரை விடுவித்தது. 2003-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே அந்த வழக்கைப் பொறுத்தவரை அவர் குற்றவாளி இல்லை. 2002 மார்ச்சில் மறுபடியும் முதலமைச்சர் ஆனார்.

சொத்துக் குவிப்பு வழக்கில் இதே காலத்தில் என்ன நடந்தது தெரியுமா? ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்தவர்களில் 76 பேர் மறுபடி கூண்டுக்கு அழைக்கப்பட்டார்கள். அதில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். "ஏன் மாற்றிச் சொல்கிறாய்?" என்று கேட்க வேண்டியவர் அரசு வழக்கறிஞர். அந்த அரசு யாருடையது? குற்றம் சாட்டப்பட்டவருடையது! அவர் கேட்கவில்லை. நம் செய்முறைத் தேர்வில், மதிப்பெண் போடும் எக்ஸாமினரை மாணவனே நியமித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அதே கதைதான்.

தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். இந்தச் சாட்சிக் கணக்கையெல்லாம் பார்த்த நீதிபதிகள், 2003 நவம்பர் 18 அன்று வழக்கைத் தமிழ்நாட்டிலிருந்தே எடுத்துப் பெங்களூருக்கு மாற்றினார்கள். ஒரு மாநிலத்தின் முதலமைச்சர் மீதான வழக்கை அந்த மாநிலத்தில் நேர்மையாக நடத்த முடியாது என்று சொல்வது நமக்கெல்லாம் எவ்வளவு பெரிய தலைகுனிவு! தெருவில் இறங்கிக் கத்தியிருக்க வேண்டிய செய்தி. பெரிதாக யாரும் கத்தவில்லை.

எங்கள் மலைக்கு வந்த தேர்தல்

பெங்களூரிலும் வழக்கு நத்தை மாதிரிதான் நகர்ந்தது. தமிழில் இருந்த ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும் என்று கொஞ்ச காலம் போயிற்று. நேரில் வர முடியாது என்று மனு, அதற்கு மேல் மனு. கடைசியில் 2011 அக்டோபரில் அவர் பெங்களூர் போய்க் கூண்டில் பதில் சொன்னார். மொத்தம் 1,339 கேள்விகள். அப்போதும் அவர்தான் முதலமைச்சர்.

வழக்கு கடைசிக் கட்டத்தை நெருங்கிய 2013-ல்தான் எங்கள் ஏற்காடு தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. நான் அப்போது சின்னப் பிள்ளை. மலைப்பாதையில் வரிசை கட்டி வந்த கார்களை எண்ணிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அமைச்சர்கள் வந்தார்கள். முதலமைச்சரும் தொகுதிக்கு வந்து பிரச்சாரம் செய்தார். டிசம்பர் 4 அன்று வாக்குப்பதிவு. அ.தி.மு.க. வேட்பாளர் 78,116 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 'யாருக்கும் வாக்கில்லை' என்று சொல்லும் நோட்டா பொத்தான் தமிழ்நாட்டிலேயே முதன்முதலாக வைக்கப்பட்டதும் அந்தத் தேர்தலில்தான்.

எங்கள் ஜனங்களை நான் குறை சொல்லவில்லை. ரோடு, தண்ணீர், பட்டா, ரேஷன் என்று அவர்களுக்கு ஆயிரம் தேவை. ஓட்டுப் பெட்டி அதற்காகத்தான் இருக்கிறது. பெங்களூரில் நடக்கும் ஒரு வழக்குக்கு வாழப்பாடியிலும் ஏற்காட்டிலும் தீர்ப்பு எழுத முடியாது. பர்கூரில் தோற்றதால் ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. ஏற்காட்டில் ஜெயித்ததால் நிரபராதி ஆகிவிடுவதும் இல்லை. ஆனால் ஜெயித்தவுடன், "பாருங்க, மக்களே மன்னிச்சிட்டாங்க!" என்று மேடையில் பேசுகிறார்களே, அங்கேதான் நம் வாக்குக்கு நாம் கொடுக்காத அர்த்தத்தை அவர்களே கொடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு கூட்டல் கணக்கு

2014 செப்டம்பர் 27. பெங்களூர் சிறப்பு நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா தீர்ப்புச் சொன்னார். வருமானத்துக்கு மீறிய சொத்து 53 கோடியே 60 லட்சம். நான்கு பேருக்கும் நாலாண்டு சிறை. முதலமைச்சருக்கு 100 கோடி ரூபாய் அபராதம். பதவியில் இருக்கும்போதே சிறைக்குப் போன முதலமைச்சர் என்று உலகம் முழுக்கப் பேசினார்கள்.

2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. இந்த இடத்தில் டிப்ளமோ மாணவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் விஷயம் நம் பாடம்! அளவில் இத்தனை வரை கூடுதல் குறைச்சல் இருக்கலாம் என்று டாலரன்ஸ் படிக்கிறோமே, அதேபோல் இந்த மாதிரி வழக்குகளில் 10 சதவீதம் வரை வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று ஒரு பழைய தீர்ப்பு உண்டு. உயர் நீதிமன்றக் கணக்கில் வந்தது 8.12 சதவீதம். ஆகவே விடுதலை. ஆனால் தீர்ப்பிலேயே இருந்த ஒரு பட்டியலில் பத்துக் கடன் தொகைகளைக் கூட்டி 24 கோடியே 17 லட்சம் என்று போட்டிருந்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் பி.வி. ஆச்சார்யா எழுந்து கூட்டிக் காட்டினார். சரியான விடை 10 கோடியே 67 லட்சம்! பதின்மூன்றரைக் கோடி ரூபாய் கூட்டலிலேயே கூடிவிட்டது. அதைச் சரி செய்தால் 8.12 என்பது 76 சதவீதத்தைத் தாண்டுகிறது. பத்து எண்களைக் கூட்டத் தெரிந்த எவரும், ஏழாம் வகுப்புப் பிள்ளைகூடப் பிடித்திருக்கலாம். ஆனால் அதற்கு அந்தத் தீர்ப்பைத் திறந்து பார்த்திருக்க வேண்டுமே!

2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து பெங்களூர்த் தீர்ப்பே சரி என்றது. மற்ற மூவரும் மறுநாள் சிறைக்குப் போனார்கள். ஆனால் முதல் குற்றவாளி அதற்கு 71 நாள் முன்பே, 2016 டிசம்பர் 5 அன்று, காலமாகிவிட்டார். அவர் மீதான வழக்கு அத்துடன் அற்றுப்போனது. பறிமுதல் செய்த நகைகள் தமிழ்நாடு அரசின் கைக்கு வந்தது 2025 பிப்ரவரியில்.

இந்தக் கால அளவைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலான 1997-ல் டிப்ளமோ முதலாண்டு சேர்ந்த ஒரு அண்ணன், ஆறு செமஸ்டர் முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணி, தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் இறுதித் தீர்ப்பு வந்தது. தப்பிப்பது என்றால் கோர்ட்டில் விடுதலை வாங்குவது என்று நாம் நினைக்கிறோம். அதைவிடச் சுலபமான வழி, காலத்தைக் கடத்துவது. நம் கோபத்தின் ஆயுளைவிட வழக்கின் ஆயுளை நீட்டிவிட்டால் போதும்.

எரிந்தது நம் வயதுக்காரர்கள்

வரிசையில் ஒரு தேதியை வேண்டுமென்றேதான் தள்ளி வைத்தேன். 2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுத் தண்டனை என்று அன்று தீர்ப்பு வந்தது. கட்சிக்காரர்கள் சாலைக்கு வந்தார்கள். தருமபுரியை ஒட்டிய இலக்கியம்பட்டியில் ஒரு பஸ் நின்றிருந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளும் ஆசிரியைகளும் கல்விச் சுற்றுலா போய்த் திரும்பிக்கொண்டிருந்த பஸ். அதற்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்து போனார்கள். பலருக்குத் தீக்காயம்.

நாமும்தான் இன்டஸ்ட்ரியல் விசிட் போகிறோம். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறோம். பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறோம். அந்தப் பிள்ளைகளும் அப்படித்தானே வந்திருப்பார்கள்? அவர்களுக்கும் அந்த ஓட்டலுக்கும் என்ன சம்பந்தம்? அந்தத் தீர்ப்புக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? இன்னொரு வேதனை, அந்த ஓட்டல் வழக்கில் மேல்முறையீடு போய், 2001 டிசம்பரில் அவர் விடுதலையும் ஆகிவிட்டார். சட்டத்தில் அதற்கு வழி இருந்தது. பொறுத்திருந்தால் போதும். மூன்று உயிருக்கு மேல்முறையீடு ஏது?

அந்தப் பஸ் எரிப்பு வழக்கும் அதே பாதையில்தான் முதலில் போனது. கிருஷ்ணகிரியில் விசாரணை தொடங்கியபோது சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள். இறந்துபோன மாணவி ஒருவரின் தந்தை சும்மா இருக்கவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நம் சேலத்துக்கு மாற்றப்பட்டு மறுபடி விசாரிக்கப்பட்டது. 2007 பிப்ரவரியில் சேலம் செஷன்ஸ் கோர்ட் 28 பேரைக் குற்றவாளிகள் என்றது. மூவருக்குத் தூக்கு. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018 நவம்பரில் அந்த மூவரும் முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டார்கள். அந்தப் பெற்றோருக்கு மட்டும் எந்த ஆண்டிலும் எதுவும் குறையவில்லை.

நண்பர்களே, இந்தக் கதையில் மூன்று விதமான கோபம் இருக்கிறது. ஒன்று, தலைவருக்குத் தண்டனையா என்று பஸ்ஸுக்குத் தீ வைத்த கோபம். அது கோபமே கிடையாது, வெறி. இரண்டாவது, பர்கூரில் தோற்கடித்துவிட்டுத் தூங்கப் போன கோபம். அது நியாயமான கோபம், ஆனால் ஆயுள் குறைவு. மூன்றாவது, கையில் ஒரு மனுவோடு கோர்ட் படியேறி, தேதி தேதியாய்ப் பின்தொடர்ந்த அந்தத் தந்தையின் கோபம். அது சத்தம் போடவில்லை. சேலம் வரை வழக்கைக் கொண்டுவந்தது அதுதான்.

கட்சி எதுவானால் என்ன?

"ஒரு கட்சியை மட்டும் எழுதியிருக்கியே?" என்று சிலர் கேட்கலாம். கேளுங்கள். இப்போது நம் வயிற்றிலேயே கை வைக்கும் ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

அ.தி.மு.க. ஆட்சியில் வி. செந்தில்பாலாஜி போக்குவரத்துத் துறை அமைச்சராக இருந்தபோது, 2014-ல் போக்குவரத்துக் கழகங்களில் ஆள் எடுத்தார்கள். டிரைவர், கண்டக்டர் மட்டுமா? இளநிலைப் பொறியாளர் பணியிடங்களும் அதில் உண்டு. அதாவது டிப்ளமோ முடித்தவன் கனவு காணும் வேலை! அதற்குப் பணம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. பிறகு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, சமரசமாகிவிட்டோம் என்று சொல்லி 2021-ல் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு ரத்தானது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. லஞ்சம் என்பது இரண்டு பேருக்குள் நடக்கும் கைமாத்து விவகாரம் இல்லை, சமூகத்துக்கே செய்த குற்றம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உண்மைதானே? பணம் கொடுத்தவனுக்குப் பணம் திரும்பிவிட்டது. பணம் இல்லாததால் இன்டர்வியூவோடு திரும்பி வந்தவனுக்கு யார் என்ன கொடுத்துச் சமரசம் செய்வார்கள்?

இதற்கிடையில் அவர் கட்சி மாறி, தி.மு.க. ஆட்சியில் அமைச்சரானார். 2023 ஜூனில் கைதானார். 2024 செப்டம்பர் 26 அன்று ஜாமீன். 29 அன்று மறுபடி அமைச்சர்! மூன்றே நாள்! பதவியா, ஜாமீனா என்று உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகுதான் 2025 ஏப்ரலில் ராஜினாமா செய்தார். குற்றம் நிரூபணமாக வேண்டியது கோர்ட்டில்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் துறை ஊழியர்களாக இருக்கும்போது, குற்றம் சாட்டப்பட்டவர் அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், அந்த 64 பேரின் கதைதானே நினைவுக்கு வரும்?

நம் நாட்டில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். தென்கொரியாவில் 2024 டிசம்பரில் ராணுவச் சட்டம் கொண்டுவரப் பார்த்த அதிபர் யூன் சுக் யோலைக் கைது செய்யப் போனபோது, அவருடைய காவலர்களே வழியை மறித்தார்கள். மக்கள் விடவில்லை. உறைபனியில் நாள் கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். ஒரு பஸ்ஸையும் எரிக்கவில்லை. ஜனவரியில் கைது நடந்தது, ஏப்ரலில் பதவி பறிபோனது. நாலே மாதம்! மக்களின் கோபம் தூங்காமல் இருந்தால் சட்டமும் தூங்காது என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

"ஆனா அம்மா நல்லதும் செஞ்சாங்களே?"

செய்தார். மறுக்கவே முடியாது. பெண் சிசுக்களைக் காப்பாற்றும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் தொடங்கியதே நம் சேலம் மாவட்டத்தில்தான். அம்மா உணவகத்தில் சாப்பிட்டுப் படித்தவர்கள் நம் சீனியர்களில் எத்தனை பேர்! விலையில்லா லேப்டாப் பாலிடெக்னிக் வரை வந்தது. அவர் மறைந்த அன்று எங்கள் ஊரில் அடுப்பு எரியாத வீடுகள் உண்டு. அந்தக் கண்ணீர் பொய் இல்லை.

ஆனால் நன்றிக் கணக்கு வேறு, சட்டக் கணக்கு வேறு. இரண்டையும் ஒரே லெட்ஜரில் எழுதி, ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்கக் கூடாது. என் மாமா நல்ல உழைப்பாளி, ஊரில் நாலு பேருக்கு உதவுகிறவர். அதற்காக வாய்தாவுக்கு வராதே என்று யாராவது சொன்னார்களா?

"எதிர்க்கட்சி பழிவாங்குது" என்பது அடுத்த வாதம். சில வழக்குகள் அப்படி இருக்கலாம். பொய் வழக்கு என்றால் அதை உடைக்கச் சீக்கிரம் விசாரணை நடத்தச் சொல்வதுதான் நேர்வழி. நிரபராதிக்கு வாய்தா எதற்கு?

நாம் என்ன செய்யலாம்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். சாலை மறியல் வேண்டாம், கல்லெறிதல் வேண்டவே வேண்டாம்.

முதலாவது, ஒரு நோட்டு. ஒர்க்‌ஷாப்பில் மிஷினுக்கு லாக் புக் வைக்கிறோம். எப்போது ஓடியது, எப்போது நின்றது, ஏன் நின்றது என்று எழுதுகிறோம். அதேபோல நம் மாவட்டத்து அரசியல்வாதிகள் மீதான வழக்குகளுக்கு நம் பேரவை ஒரு லாக் புக் வைக்கட்டும். எந்தக் கட்சி என்று பார்க்காமல் வைக்கட்டும். வழக்கு எண், அடுத்த தேதி, யார் வாய்தா கேட்டது, என்ன காரணம், அவ்வளவுதான். இப்போது வழக்கு நிலவரத்தை செல்போனிலேயே பார்க்கலாம். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்குகளுக்கு என்றே சிறப்பு நீதிமன்றங்கள் இருக்கின்றன. மாதம் ஒரு தடவை நம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும்.

இரண்டாவது, கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்ப்பது. கோர்ட் கதவு பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கிறது. பின் பெஞ்சில் பத்து மாணவர்கள் அமைதியாக உட்கார்ந்து குறிப்பெடுத்தால், சாட்சி சொல்ல வந்தவருக்கு ஒரு தைரியம் வரும்.

மூன்றாவது, சாட்சிகளுக்குப் பாதுகாப்புக் கேட்பது. 2018-ல் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் ஏற்று, அதைச் சட்டமாகவே கருதி நடத்த வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. நம் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதையும் ஒரு கேள்வியாகக் கேட்போம். ரோடு கேட்போம், வேலை கேட்போம், கூடவே, "உங்க மேல இருக்கிற வழக்கு எந்த நிலைமையில இருக்குங்க?" என்றும் மரியாதையாகக் கேட்போம்.

நான்காவது, நம் வீட்டுப் பிள்ளைகள் எந்தத் தலைவருக்காகவும் தீப்பெட்டியைத் தொடுவதில்லை என்று உறுதி எடுப்பது. ஒவ்வொரு பிப்ரவரி 2 அன்றும் வகுப்பு தொடங்கும் முன் அந்த மூன்று மாணவிகளுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். பேரவைக்கு இது என் வேண்டுகோள்.

தலைவர்கள் வாய்தா வாங்குவது கோர்ட்டில் மட்டும் இல்லை, நம்மிடமும்தான். அடுத்த தேர்தல் வரை, அடுத்த செய்தி வரை, அடுத்த இலவசம் வரை என்று நம் கோபத்தைத் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். நாமும் கொடுத்துவிடுகிறோம். கோர்ட்டில் கொடுக்கும் வாய்தாவை நிறுத்த நமக்கு அதிகாரம் இல்லை. நாம் கொடுக்கும் வாய்தாவை நிறுத்த யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

லாக் புக்குக்கு நோட்டு நான் வாங்கித் தருகிறேன். பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் பேரவை அறைக்கு வாருங்கள்.

— மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை